மதுரையில் மணி பார்த்துச் சாப்பிட வேண்டும்

வியாழன் இரவு, செல்லூர்

மதுரை இட்லிக்கு நேரம் இரவுதான். எங்கள் கோயம்புத்தூரில் இட்லி காலைப் பலகாரம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போய்க் கேட்டால் "இட்லி தீர்ந்துருச்சுங்க, தோசை போடட்டுங்களா" என்பார்கள். இங்கே அந்த நேரத்தில்தான் தெருவோரக் கடைகளில் இட்லிக் கொப்பரை மூச்சுவிடாமல் ஆவி கக்குகிறது.

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் நான் இறங்கியபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. சித்தப்பா வண்டியோடு வந்திருந்தார். வீட்டில் சித்தி சமைத்து வைத்துக் காத்திருக்கிறார் என்று தெரிந்தும், "ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போயிருவோம்மா, அங்குட்டுப் போயி சோறும் சாப்பிடலாம்" என்று ஒரு கடையோரமாக நிறுத்தினார். கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு அடுப்பு, ஒரு அக்கா, தட்டில் வாழையிலை போட்டுக் கொடுக்க அவருடைய வீட்டுக்காரர். இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்து மாவு ஊற்றுகிறார். வெந்ததும் துணியோடு கவிழ்த்து, மேலே தண்ணீர் தெளித்து உரித்து எடுக்கிறார். எண்ணெய் தடவிய தட்டில் வேகும் இட்லிக்கு அடியில் ஒரு தோல் விழும், இந்த இட்லிக்கு அது கிடையாது. மேலும் கீழும் ஒரே மென்மை. தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி, வெங்காயச் சட்னி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கரண்டி சாம்பார். பொடி வேண்டுமென்றால் நல்லெண்ணெய் குழைத்துத் தருகிறார்கள்.

"எப்பக்கா மாவு அரைப்பீங்க?" என்று கேட்டேன்.

"ராத்திரி அரைச்சா மறுநா ராத்திரிக்குள்ள புளிச்சுப் போயிரும்மா. விடியக்காலையில ஊறப்போட்டு, பத்து மணிக்கெல்லாம் அரைச்சு வச்சிருவேன். தை மாசம்னா இன்னும் வெரசா அரைக்கணும், குளிருக்குச் சீக்கிரம் பொங்காது."

ஆக, நாம் இரவு பத்து மணிக்குச் சாப்பிடும் இட்லி விடிகாலையில் தண்ணீரில் இறங்கிய அரிசி. தூங்கா நகரம் என்று மதுரையைச் சொல்வது எல்லாருக்கும் தெரியும். விழித்திருந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். விழித்திருந்து சமைக்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் பொருந்தும்.

சித்தி வீட்டில் சோறும் சாப்பிட்டேன், ரசம் மட்டும் ஊற்றி. அடுக்களையில் ஒரு பெரிய பாத்திரத்தில் கறுப்பாக ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. "காலையில பாரு" என்று மூடி வைத்துவிட்டார்.

வெள்ளி, செல்லூர், கோரிப்பாளையம், கீழமாசி வீதி

ஊறியது பருத்திக்கொட்டை. நான் கேட்டு வைத்திருந்ததற்காகச் சித்தி வீட்டிலேயே பருத்திப்பால் காய்ச்சினார். தெருவில் வண்டியில் பித்தளைப் பானை வைத்து விற்பதைப் பார்த்திருக்கிறேன், குடித்தும் இருக்கிறேன். செய்வதை இன்றுதான் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன்.

பருத்திக்கொட்டை மாட்டுத்தீவனக் கடையில் கிடைக்கும். விதைப்பதற்கென்று மருந்து கலந்து பாக்கெட்டில் விற்பதை இதற்குத் தொடவே கூடாது, தீவனக் கொட்டைதான் வேண்டும் என்று சித்தி இரண்டு முறை சொன்னார். ராத்திரி முழுக்க ஊறியதைக் காலையில் பல தண்ணீர் விட்டு அலசுகிறார். பஞ்சு ஒட்டியிருக்கும், தூசி இருக்கும், தண்ணீர் தெளியும் வரை விடுவதில்லை. அப்புறம் தண்ணீர் சேர்த்து அரைத்து, வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிகிறார். முதல் பால் கெட்டியாக, லேசான மஞ்சள் கலந்த வெள்ளையில் வருகிறது. சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பால், மறுபடியும் ஒன்று. மிச்சமான சக்கை பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது.

இந்தப் பாலை அடுப்பில் ஏற்றி, ஊறவைத்த பச்சரிசியை நைஸாக அரைத்துக் கரைத்து ஊற்றுகிறார். அதுதான் கெட்டித்தன்மை தருகிறது. கையெடுக்காமல் கிண்ட வேண்டும். பச்சை வாடை போவதற்குள் இறக்கினால் வயிற்றுக்கு ஆகாது, நன்றாகக் கொதிக்க வேண்டும் என்பதில் சித்தி கறாராக இருந்தார். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, மண் இல்லாமல் வடிகட்டி ஊற்றியதும் நிறம் மாறுகிறது. சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டு, கடைசியில் தேங்காய்த்துருவல்.

குடித்தால் முதலில் கருப்பட்டி, அப்புறம் சுக்கின் உறைப்பு தொண்டையில். நாக்கில் தேங்காய் கடிபடுகிறது. பருத்தியின் ருசி என்று தனியாக ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கொட்டை எண்ணெய் வாசனையோடு. அதைச் சுக்கும் ஏலமும் மறைப்பதில்லை, தாங்கிப் பிடிக்கின்றன. ஒரு டம்ளருக்கு மேல் இறங்காது, வயிறு நிறைந்துவிடும். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது ஆகாரமாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் பருத்தி, ஊருக்குள் ஹார்வி மில், செல்லூரில் தறி. பருத்தியைச் சுற்றியே பிழைத்த ஊரில் அதன் கொட்டையிலும் ஒரு பானம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கோரிப்பாளையத்தில் விசாலம் காபி குடித்துவிட்டு ஏ.வி. பாலத்தின் மேல் நடந்தே வைகையைத் தாண்டினேன். 1889இல் திறந்த பாலம், இன்றும் ஊரின் பாதிப் போக்குவரத்து இதன் மேல்தான். கீழே ஆற்றில் நாணல்தான் அதிகம், தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

மீனாட்சி அம்மன் கோயிலில் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திருமலை நாயக்கர் காலத்தில் வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டும்போது கிடைத்தவர் என்பார்கள். விநாயகர் சதுர்த்தி அன்று இவருக்கு முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை பிடித்துப் படைக்கிறார்கள். ஒரே ஒரு கொழுக்கட்டை! வீட்டில் சின்னதாகப் பிடித்தாலே நடுவில் வேகாமல் போய்விடுமோ என்று நாம் பயப்படுகிறோம். 18 படி மாவை உள்ளே வரை வேகவைக்கும் அந்தக் கோயில் மடைப்பள்ளிக்காரர்களை ஒரு நாள் பார்த்துப் பேச வேண்டும்.

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். மூட்டை இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மிளகாய் நெடியில் தும்மல் வந்தது. கொஞ்சம் நன்னாரி வேரும் மல்லி விதையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தை மாதமாதலால் மல்லிகை கேட்ட விலைக்கு வாங்க மனம் வரவில்லை. பனிக்குப் பூ குறைந்துவிடும், விலை ஏறிவிடும். சித்திக்காக ஒரு முழம் மட்டும்.

சனி, அழகர் கோயில், சிம்மக்கல்

மதுரையிலிருந்து வடக்கே 20 கிலோமீட்டர் சொச்சம். சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்க வருகிற அதே சாலை. ஓரங்களில் அறுவடை முடிந்த வயல், வைக்கோல் போர். பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனோம். அப்பத்தாவும் கூட வந்தார். சித்தப்பாவின் அம்மா. வயது எண்பதுக்கு மேல், நடை என்னைவிட வேகம்.

வந்ததற்குப் பாதிக் காரணம் சாமி, பாதிக் காரணம் தோசை. அழகருக்குப் படைக்கும் தோசை நம் வீட்டுத் தோசை இல்லை. பச்சரிசியும் தோலோடு கறுப்பு உளுந்தும் சேர்ந்த மாவு, அதில் மிளகு, சீரகம், சுக்கு, கறிவேப்பிலை, பெருங்காயம். கனமாக, நெய்யில் வெந்து வருகிறது. நூபுர கங்கைத் தண்ணீர் சேர்த்துத்தான் மாவு என்று பிரசாதக் கடையில் சொன்னார்கள். அரிசியும் உளுந்தும் பெரும்பாலும் விவசாயிகள் அறுவடை முடிந்ததும் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுத்தவை. சுற்று வட்டாரத்து வயலில் விளைந்தது சாமிக்குப் போய்த் தோசையாகத் திரும்பி வருகிறது. இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிய்த்தால் ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் இருக்கிறது. முதலில் நெய், அடுத்த கடியில் மிளகு. சட்னி, சாம்பார் எதுவும் கேட்காது. இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது, மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்று அப்பத்தா ஒன்றைத் தனியாக முந்தானையில் முடிந்துகொண்டார். குரங்குகள் பிடுங்க வரும், பையைத் தோளில் மாட்டாமல் நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் பழமுதிர்சோலைக்கும் போனோம். ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று முருகன் கேட்டதாகச் சொல்லும் நாவல் மரம் அங்கே நிற்கிறது. மேலே ராக்காயி அம்மன் கோயிலில் நூபுர கங்கைத் தண்ணீர் இரண்டு வாய் குடித்தேன். மலைத் தண்ணீரின் குளுமை பல்லில் ஏறியது.

இரவு சிம்மக்கல் கோனார் கடைக்குச் சித்தப்பாவும் நானும் மட்டும். சித்தி சனிக்கிழமை கறி சாப்பிடுவதில்லை. கறி தோசை என்ற பெயரைக் கேட்டு மசால் தோசை மாதிரி உள்ளே கறி வைத்து மடித்திருப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அடியில் ஊத்தப்பம் அளவு கனத்தில் தோசை. அது பாதி வெந்ததும் மேலே முட்டையை ஊற்றிப் பரப்புகிறார். முட்டை ஈரமாக இருக்கும்போதே, ஏற்கனவே மசாலாவில் சுண்ட வதக்கி வைத்த கொத்துக்கறியை அள்ளிப் போட்டு அழுத்துகிறார். முட்டை வேகும்போது கறி அதில் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் விட்டு ஒரே திருப்பு. கறிப்பக்கம் கல்லில் படும்போது வருகிற வாசனைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஆனால் பிரிந்து வரக்கூடாது. அந்தக் கணக்கு மாஸ்டரின் கையில் இருக்கிறது. மேலே கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். ஒன்றே போதும்.

ஞாயிறு, சித்தி வீட்டு அடுக்களை

இன்று எங்கும் போகவில்லை. போகாமல் இருந்ததே நல்லதாயிற்று.

சித்தப்பா விடியற்காலையில் போய் உயிரோடு அயிரை மீன் வாங்கிவந்தார், ஒரு தூக்குவாளியில் தண்ணீரோடு. விரல் நீளம்கூட இல்லாத மீன். கண்மாயிலும் வயலோர வாய்க்காலிலும் மணலை ஒட்டி வாழ்வது, மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிற்கும்போது கிடைப்பது. இப்போதெல்லாம் ஆட்டுக்கறியைவிட விலை அதிகம். செத்த மீன் என்றால் அப்பத்தா வாளியைத் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

காரணம் சுத்தம் செய்யும் முறையில் இருக்கிறது. இவ்வளவு சின்ன மீனைக் கீறிக் குடல் எடுக்க முடியாது. மீனே தன் வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அதற்கு அது உயிரோடு இருக்க வேண்டும். அப்பத்தா முற்றத்தில் உட்கார்ந்து முதலில் நல்ல தண்ணீரில் விட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. மாற்றினார். மறுபடி கலங்கியது, மறுபடி மாற்றினார். அப்புறம் தண்ணீரில் பசும்பால் ஊற்றினார். மீன்கள் பாலைக் குடித்துவிட்டு வயிற்றில் மிச்சமிருக்கும் மணலைக் கக்குகின்றன. பாலுக்கு அடியில் மெல்லிசாக மண் படிவதைக் கையால் தடவிக் காட்டினார்.

"இதுக்கு அவசரப்பட்டா சோத்துல மண்ணு கடிபடும் தாயி. ஒண்ணு கடிபட்டாலும் கொழம்பு போச்சு."

பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசினார். வழவழப்பெல்லாம் நுரையாக வெளியேறியது. ஐந்தாறு தண்ணீர் விட்டுக் கழுவி வைத்தபோது காலை வெயில் முற்றத்துக்குள் பாதி வந்துவிட்டது. இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் சித்தி அடுப்பே பற்ற வைத்தார்.

குழம்பு எளிமையானது. நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, நிறையச் சின்ன வெங்காயம், கொஞ்சம் பூண்டு, தக்காளி. அம்மியில் மிளகாய், மல்லி, சீரகம் அரைத்த மசாலா, புளிக்கரைசல். நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்ததும் தேங்காய் அரைத்ததைச் சேர்த்து, மறுகொதியில் மீனைப் போட்டார். அப்புறம் கரண்டி போடுவதில்லை, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவதோடு சரி. சில நிமிடம்தான், இறக்கிவிட்டார். இறக்கிய பின் ஒரு மணி நேரம் யாரையும் தொட விடவில்லை. புளிப்பும் காரமும் மீனில் இறங்க வேண்டுமாம்.

தலையும் முள்ளும் எதையும் ஒதுக்காமல் முழுசாகவே சாப்பிட வேண்டும். முள் இருப்பதே தெரியாது. கடித்ததும் ஒரு மெல்லிய கசப்பு வந்து, உடனே குழம்பின் புளிப்பு அதைச் சமன் செய்துவிடுகிறது. எங்கள் கொங்கு நாட்டில் அரிசியும் பருப்பும் சாதம், தேங்காய்ப்பால் சந்தகை என்று சாந்தமான ருசிகளுக்குப் பழகிய நாக்கு எனக்கு. இந்தக் குழம்பு எதையும் சாந்தப்படுத்துவதில்லை. வெஞ்சனம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சட்டிச் சோறு போன இடம் தெரியவில்லை. கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை இட்லிக்கு இதுதான், அதற்குத்தான் உண்மையான ருசி என்று வீட்டில் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மதுரை வீட்டில் மூன்று பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதை இந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

மாலை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாதாம் பிசினை முந்தைய நாளே தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். கல் மாதிரி இருக்கும் சின்னத் துண்டு ராத்திரியெல்லாம் ஊறிக் கண்ணாடிக் கூழாகப் பல மடங்கு பெருத்துவிடும். பாலைச் சுண்டக் காய்ச்சி நிறம் மாறியபின் ஆறவைக்கிறார்கள். டம்ளரில் பிசின், நன்னாரி சர்பத், பால், அதே சுண்டிய பாலில் செய்த ஐஸ்கிரீம், மேலே கொஞ்சம் பாசுந்தி. கலக்காமல் அடுக்கடுக்காக ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுங்கள். பிசினுக்குத் தனி ருசி கிடையாது, அது வாயில் வழுக்கும் சுகம். ரோஸ் நிறத்தில் எசென்ஸ் ஊற்றி விற்கும் கடைகளும் தெருவில் இருக்கின்றன. பால் பழுப்பாக இருக்கும் கடையாகப் பார்த்து நில்லுங்கள், காய்ச்சிய நேரம் அந்த நிறத்தில் தெரியும்.

திங்கள், சோழவந்தான்

காலையில் இட்லியும் நேற்றைய அயிரைக் குழம்பும். மூன்று பேரும் சொன்னது சரிதான். மீன் இறுகி, குழம்பு கெட்டியாகி, காரம் அடங்கியிருந்தது.

நேற்றுச் சாப்பாட்டுக்குப் பின் அப்பத்தா மடித்துக் கொடுத்த வெற்றிலை சோழவந்தான் வெற்றிலை. நுனியில் ஒரு காரம் வந்து கன்னத்தில் நின்றது. அப்பத்தாவின் பிறந்த ஊர் அது, அண்ணன் மகன் இன்னும் கொடிக்கால் வைத்திருக்கிறார் என்றதும் அங்கே போவதென்று முடிவாயிற்று. மேற்கே வைகைக் கரையோரமாகப் பயணம். தென்னை, வாழை, நெல் என்று ஒரே பச்சை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து மலைக்கு அந்தப் பக்கத் தண்ணீர் வைகைக்குத் திரும்பிய பிறகு செழித்த பூமி. அணையைக் கட்டிய பென்னிகுக் படத்தை இன்னும் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நுழையக்கூடாது. வாசலிலேயே கழற்றிவிட்டோம். உள்ளே போனால் வெளி வெயில் மறந்துபோகிறது. முதலில் அகத்தியை வரிசையாக விதைத்து வளர்த்து, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டுகிறார்கள். அகத்தி கொடிக்குத் தூணாகவும் இருக்கிறது, நிழலாகவும் இருக்கிறது. வரிசைகளுக்கு நடுவே வாய்க்காலில் தண்ணீர். வெற்றிலை ஈரம் இல்லாமல் வாடும், தண்ணீர் கட்டி நின்றால் அழுகும். ஒவ்வொரு கொடியும் உயர உயர, நாரால் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"புள்ளைய வளக்குறதுகூட ஒரு வயசுக்கு மேல லேசு. இது தெனமும் வந்து நிக்கணும்" என்றார் மாமா. 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான் என்கிறார். ஆனால் வெற்றிலை போடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆள் கூலி ஏறுகிறது, பக்கத்தில் பல கொடிக்கால்கள் தென்னந்தோப்பாகிவிட்டன. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வெற்றிலைக்குப் பதில் சாக்லேட் வைக்கும் வழக்கம் நம்மிடையே வந்துவிட்டதை நினைத்துக்கொண்டேன். ஒரு கவுளி வெற்றிலை வாங்குவது நமக்குப் பெரிய செலவில்லை. தயவுசெய்து பழையபடி வெற்றிலையே வையுங்கள்.

திண்ணையில் பெண்கள் பறித்த இலைகளை அளவு பார்த்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நூறு இலை ஒரு கவுளி. எண்ணும் விரல்கள் பார்க்க முடியாத வேகம், பேச்சும் நிற்பதில்லை.

மதியச் சாப்பாடு அத்தை கையால். பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, அகத்திக்கீரைப் பொரியல், மோர், வறுத்த மோர்மிளகாய். தை மாத மொச்சைக்கு இருக்கும் வாசனை காய்ந்த மொச்சைக்கு வராது. அகத்திக்கீரை கொடிக்காலிலிருந்து அப்போதுதான் ஒடித்தது. அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைத்து, கடைசியில் தேங்காயும் ஒரு சிட்டிகை வெல்லமும். கசப்பு போகவில்லை, போகவும் கூடாது. கறி, மீன் சமைக்கும் அன்று அகத்தி செய்யமாட்டோம் என்றார் அத்தை. அடுத்த கை போட்டபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இரவு ஊருக்குள் ஒரு கடையில் பன் பரோட்டா. எல்லாரும் சொல்லியிருந்ததால் போனோம். உப்பலாக, மெத்தென்று, அழகாக இருந்தது. எண்ணெய் எனக்கு அதிகம். சாதாரணப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுவதுதான் என் விருப்பம்.

செவ்வாய், கிளம்பும் நாள்

மதியத்துக்கு மேல்தான் பஸ். காலையில் டவுன் ஹால் ரோடு பக்கம் போய்ப் பிரேமா விலாஸில் அல்வா. சூடாக இலையில் வைத்துத் தருவதை நின்றுகொண்டே சாப்பிட்டேன், வீட்டுக்கும் கட்டிக்கொண்டேன்.

அதற்குள் சித்தி அடுத்த வீட்டு வேலியில் முள்முருங்கை இலை பறித்து வைத்திருந்தார். கல்யாண முருங்கை என்றும் சொல்வார்கள். மரமெல்லாம் முள், இலை அகலம். மதுரைத் தெருக்களில் சாயங்காலம் பச்சை நிறத்தில் பொரித்துப் பொடி தூவித் தருவார்களே, அந்த வடைக்கு உரிய இலை இது. சளி, இருமல் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே அம்மாக்கள் இதைத்தான் செய்து கொடுக்கிறார்கள். வீட்டில் செய்வது அவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று, அதனால் முறையை முழுசாகவே எழுதுகிறேன்.

ஒரு டம்ளர் இட்லி அரிசியை மூன்று, நான்கு மணி நேரம் ஊறவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு இலையைக் கழுவி, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவில் நார் நிற்கும். அரிசி, இலை, உப்பு சேர்த்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். தண்ணீர் கூடினால் தட்ட வராது. அப்படி ஆகிவிட்டால் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு சேர்த்துக் கெட்டியாக்கலாம் என்பது சித்தி கட்சி. அப்பத்தாவுக்கு அது ஆகாது, அரிசி மாவுதான் போட வேண்டும் என்கிறார். நான் இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்தேன், அப்பத்தா பக்கம் நிற்கிறேன். பொட்டுக்கடலை மாவு சீக்கிரம் சிவந்து, பச்சை நிறத்தைக் கெடுக்கிறது. கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் சீரகமும் மாவில் சேரட்டும். வாழையிலையில் எண்ணெய் தடவி, பூரியைவிடக் கொஞ்சம் கனமாகத் தட்டி, ஒவ்வொன்றாகப் பொரித்து எடுங்கள். சூட்டோடு இட்லிப் பொடி தூவ வேண்டும், ஆறினால் பொடி ஒட்டாது.

எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தட்ட ஆரம்பிக்க வேண்டும் என்று அப்பத்தா வாசல்வரை வந்து சொன்னார். முன்கூட்டியே தட்டி அடுக்கி வைத்தால் காய்ந்துபோய் உப்பாது.